பந்தாட்டச் சங்கங்களின் சொந்தக்காரர் யார்?

ஜெர்மனி தேசத்தின் முதல்தரக் கால்பந்தாட்டப் போட்டியாகிய புந்தஸ்லிகாவின் 2023-24ஆம் வருஷப் பருவத்தைப் பற்றி இன்று எழுதப் புகுகின்றோம். ராஜீய விஷயங்களுக்கே இடம் போதாத இப்பக்கத்தில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று நண்பர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அப்பருவத்தில் மைதானத்தில் பந்தை உதைத்த கதை ஒன்று. மண்டபத்திற்குள் வாக்குச் சீட்டுப் போட்ட கதை மற்றொன்று. பின்னது முழுதும் ராஜீயமே.

முன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2013 முதல் 2023 வரை பதினொரு வருஷங்கள் இடைவிடாமல் பயர்ன் மியூனிக் என்ற ஒரே சங்கமே வெற்றிக் கேடயத்தைக் கைக்கொண்டிருந்தது. பருவம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்த ஆட்டத்தை ஜனங்கள் எவ்வளவு காலம் பார்ப்பார்கள்? இந்நிலையில் ரைன் நதிக்கரையிலுள்ள லெவர்குசன் என்ற தொழிற்சாலை நகரத்தின் சங்கம் அந்த ஏகபோகத்தை முறித்தது. மருந்துகளுக்குப் பேர்போன பேயர் கம்பெனியின் தொழிலாளருக்காக 1904இல் ஏற்பட்ட சங்கம் அது. 2024க்கு முன் ஐந்து தடவை இரண்டாம் ஸ்தானத்தில் வந்து நின்றது. ஒரு தடவையேனும் முதல் ஸ்தானம் கிட்டவில்லை. 2000த்தில் கடைசிப் பந்தயத்தைச் சமன் செய்திருந்தாலே போதும்; அதிலும் தோற்றது. 2002இல் லீக், தேசக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் கைக்கெட்டி வாய்க்கெட்டாமற் போயின. என்றும் உபஸ்தானமே இதற்கு விதித்தது என்று பொருள்படும்படி ஊரின் பெயரையே திரித்து ஜெர்மானியர் கேலி செய்து வந்தனர்.

2022 அக்டோபரில் ஸாபி அலோன்ஸோ என்ற ஸ்பானியர் பயிற்சியாளராக வந்தபோது இச்சங்கம் பட்டியலில் கடைசிக்கு ஒருபடி மேலே கிடந்தது. பதினெட்டு மாதங்களுக்குப் பின், 2024 ஏப்ரல் 14ஆம் தேதி, வெர்டர் பிரேமன் சங்கத்தை ஐந்து கோலுக்குப் பூஜ்யமாக வென்று, ஐந்து பந்தயங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை எய்தியது. அன்று ஃப்ளோரியன் விர்ட்ஸ் என்ற வாலிபர் மட்டும் மூன்று கோல் போட்டார். பருவத்தின் 34 பந்தயங்களில் 28 வெற்றி, 6 சமன், தோல்வி ஒன்றுமில்லை. புந்தஸ்லிகாவின் சரித்திரத்தில் அதற்கு முன் எவரும் இதைச் சாதித்ததில்லை. பயர்ன் மூன்றாம் ஸ்தானத்துக்கு இறங்கியது. அதற்கு முந்திய வருஷம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயத்திலிருந்து தப்பிப் பிழைத்த ஸ்டுட்கார்ட் சங்கம் இரண்டாவதாக வந்தது. டப்ளின் நகரத்தில் நடந்த ஐரோப்பிய லீக் இறுதிப் பந்தயத்தில் இத்தாலியின் அடலாண்டா சங்கத்திடம் மட்டும் லெவர்குசன் தோற்றது. அத்தோல்வியும் இல்லாதிருந்தால் இவர்கள் மனிதர்களே அல்லர் என்று சிலர் சொல்லத் தொடங்கியிருப்பார்கள்.

நிற்க. இரண்டாவது கதைக்கு வருவோம்.

ஜெர்மனியில் பந்தாட்டச் சங்கமென்பது நெடுங்காலமாக அங்கத்தினர்களுக்கு உரிய பொது ஸ்தாபனம். சந்தா கட்டியவர்கள் மகாசபை கூடுவார்கள், தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிடிக்காவிட்டால் நீக்குவார்கள். 1998இல் சங்கங்கள் தங்கள் பந்தாட்டப் பகுதியைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்போதே ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அந்தக் கம்பெனியில் யார் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது தாய்ச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். இதனை '50+1' விதி என்பர். பயர்ன் கம்பெனியின் பங்குகளில் முக்கால் பாகம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட தாய்ச் சங்கத்துக்கே உரியது. பெரிய கம்பெனிகள் மூன்று சேர்ந்து மீதிக் கால் பாகத்தை வைத்திருக்கின்றன. பணத்துக்கு வரவேற்பு உண்டு. பீடம் மட்டும் கிடையாது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே மான்செஸ்டர் ஸிட்டி சங்கம் 2008இல் அபுதாபி ராஜ குடும்பத்தவர் ஒருவர் கைக்கும், நியூகாஸில் சங்கம் 2021இல் ஸவுதி அரேபிய அரசாங்க நிதி ஸ்தாபனத்தின் தலைமையிலான கூட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் கொட்டகையில் நின்று தொண்டை கிழியக் கூவியவனுக்கு அந்த விற்பனைகளில் ஒரு வாக்கும் இல்லை.

2023 டிசம்பர் மாதம் ஜெர்மன் லீக் நிர்வாகிகள் 36 சங்கங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார்கள். ஒளிபரப்பு உரிமையினால் வரும் வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்கை இருபது வருஷங்களுக்குத் தனி முதலீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்து, சுமார் 100 கோடி யூரோ பெறுவது என்பதே அது. அதே வருஷம் மே மாதத்தில் இதுபோன்ற பிரேரணை ஒன்று போதிய வாக்கின்றித் தோற்றிருந்தது. இம்முறை 24 பேர் ஆதரித்தனர். 10 பேர் எதிர்த்தனர். இருவர் நடுநிலை வகித்தனர். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 36இல் மூன்றில் இரண்டு சரியாக 24. ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் பிரேரணை வீழ்ந்திருக்கும்.

அந்த ஒரு வாக்கைப் பற்றித்தான் சந்தேகம் எழுந்தது. ஹானோவர் 96 என்ற சங்கத்தார், எதிராகவே வாக்களிக்க வேண்டுமென்று தங்கள் பந்தாட்டக் கம்பெனியின் நிர்வாகிக்கு உத்தரவிட்டிருந்தனர். வாக்கெடுப்போ ரகசியம். அவர் எப்படி வாக்களித்தார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். அவர் எவ்விதம் வாக்களித்தாரென்று நாம் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஆனால் நியாய ஸ்தலங்களில் சில வருஷங்கள் பழகிய எவருக்கும் ஒரு விஷயம் விளங்கும். வக்காலத்துப் பெற்றவன் கட்சிக்காரனுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். கட்டுப்பட்டானா இல்லையா என்பதைக் கட்சிக்காரன் அறிய வழியே இல்லாத ஓர் ஏற்பாட்டில் வக்காலத்து வெறுங்காகிதம். தனிப்பட்ட பிரஜைக்கு ரகசிய வாக்கு ஒரு கவசம். பிரதிநிதிக்கோ அது திரைமறைவு.

ஜெர்மானிய ரசிகர்கள் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் வருஷக் கணக்கில் காத்திருக்கவில்லை. முதலில் ஒவ்வொரு பந்தயத்தின் ஆரம்பத்திலும் பன்னிரண்டு நிமிஷம் மௌனம் சாதித்தார்கள். பிறகு சாக்லேட் நாணயங்களும், 2024 தொடங்கிய பின் டென்னிஸ் பந்துகளும் நூற்றுக்கணக்கில் மைதானத்திற்குள் விழுந்தன. ஓரிடத்தில் தொலைவிலிருந்து விசையால் இயக்கும் பொம்மைக் கார்கள் புகைகக்கிக்கொண்டு புல்தரையிற் சுற்றின; அவற்றைத் துரத்திப் பிடிக்கச் சேவகர்கள் ஓடிய காட்சியைக் கண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். சில பந்தயங்கள் அரைமணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டன. ஒளிபரப்பை விலைக்கு வாங்க வந்தவர்களுக்கு, ஒளிபரப்பவே முடியாதபடி செய்து காட்டினார்கள். யாருடைய மண்டையும் உடையவில்லை. போட்டியிலிருந்த இரு முதலீட்டுக் கம்பெனிகளில் ஒன்று விலகிற்று. பிப்ரவரி 21ஆம் தேதி லீக் நிர்வாகிகள் முயற்சியையே கைவிட்டார்கள்.

இது அநாகரிகமென்றும், நூறு கோடி யூரோவை விரட்டியடித்த மூடத்தனமென்றும் சொல்வோர் உளர். அவர்கள் பிரான்ஸைப் பார்க்கட்டும். 2022இல் அந்நாட்டு லீக், தன் வியாபாரக் கம்பெனியில் நூற்றுக்கு 13 பங்கை 150 கோடி யூரோவுக்குக் காலவரையறையே இன்றிக் கொடுத்துவிட்டது. பின்னர் ஒளிபரப்பு வருமானம் வீழ்ச்சியடைந்தது, சங்கங்கள் திண்டாடின, அந்நாட்டு மேல்சபையின் விசாரணைக் குழு கடுமையாகக் கண்டித்தது. வருமானம் சுருங்கினாலும் பங்குக்காரனுடைய பங்கு மட்டும் அப்படியே நிற்கின்றது. விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் வாரத்தை விடாத மிராசுதாரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நம் கட்சிக்கு விரோதமான ஒரு வாதத்தை மறைத்தல் தகாது. அங்கத்தினர் ஆட்சி நிலவிய தேசத்திலேதான் ஒரு சங்கம் பதினொரு வருஷம் ஏகபோகம் செலுத்தியது. அந்த ஏகபோகத்தை உடைத்ததோ அங்கத்தினர் ஆட்சிக்கு விதிவிலக்குப் பெற்ற சங்கம்! இருபது வருஷத்துக்கு மேல் தொடர்ந்து ஆதரித்து வந்த கம்பெனி என்ற காரணத்தால் லெவர்குசனில் பேயர் கம்பெனிக்கும், வோல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. லைப்ஸிக் நகரத்துச் சங்கமோ வாக்குரிமையுள்ள அங்கத்தினர் மிகச் சிலரையே சேர்த்துக்கொண்டு விதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைப் போக்கிற்று.

இதற்கு நம் பதில் இது. 50+1 விதி போட்டியைச் சமமாக்க ஏற்பட்டதன்று. கணக்குக் கேட்கும் உரிமையைக் காக்க ஏற்பட்டது. சமத்துவம் வேண்டுமானால் ஒளிபரப்புப் பணத்தைப் பங்கிடும் முறையைத் திருத்த வேண்டும். அதைச் செய்யத் துணிவில்லாத நிர்வாகிகள் விதியின் மேல் பழி போடுகிறார்கள். லெவர்குசன் தொழிலாளர்களின் சங்கமாகப் பிறந்தது, நேற்று முளைத்த பணக்காரனின் பொழுதுபோக்கு அன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வூராரின் ஆனந்தத்தில் நாமும் பங்கு கொள்ளுகிறோம். ஆனால் நல்ல எஜமானன் கிடைத்தது சட்டமாகாது. நல்லவன் போய் இன்னொருவன் வந்தால் அன்று யாரிடம் முறையிடுவது?

2025 ஜூன் மாதம் ஜெர்மனியின் வாணிபப் போட்டிக் கண்காணிப்பு இலாகா தன் அபிப்பிராயத்தை வெளியிட்டது. விதி அடிப்படையில் ஆட்சேபிக்கத்தக்கதன்று. ஆனால் எல்லாருக்கும் ஒரேவிதமாகச் செலுத்தப்பட வேண்டும். லெவர்குசனுக்கும் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் தந்த விலக்கு என்றென்றைக்கும் நீடிக்க முடியாது. லீக் தன் சொந்த வாக்கெடுப்புகளிலும் அவ்விதியின் கருத்தை மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நாம் முழுமனத்துடன் ஆமோதிக்கிறோம். பேயர் கம்பெனி தானாகவே முன்வந்து, தோல்வியறியாத அப்பருவத்தின் ஞாபகார்த்தமாக, பெரும்பான்மை வாக்கை அவ்வூர்ச் சங்கத்தாரிடம் ஒப்படைக்குமாயின் அதன் கீர்த்தி கோப்பையைவிட உயர்ந்ததாகும். ஹாஃபன்ஹைம் சங்கத்துக்குப் பெரும்பணம் கொடுத்து வளர்த்த தனவந்தர் 2023இல் அவ்விதமே செய்திருக்கிறார். அன்றியும் 36 சங்கங்களின் பிரதிநிதிகள் அடுத்த முறை வாக்களிக்கக் கூடும்போது, யார் எப்பக்கம் என்பது அவரவர் ஊரார் காணக் கையுயர்த்தியே வாக்களிக்க வேண்டும். ஹானோவர் அங்கத்தினர்களுக்கு அவ்வளவேனும் கடன் இருக்கிறது.