புரியாத மொழியில் சம்மதமா?

இந்திய மின்னணு மருத்துவத் துறையில் தொழில் நடத்த அன்னிய நிறுவனங்கள் ஆர்வம் காட்டுவதில் வியப்பில்லை. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்க எண் ஒன்றின் கீழ் ஒருவரது மருத்துவக் குறிப்புகளை இணைக்க வழி செய்துள்ளது. புதிய முதலீடும் தொழில்நுட்பமும் வரட்டும், வரவேற்போம்.

ஆனால் வருகிறவர்கள் இங்குள்ள வரம்புகளை அறிந்து வர வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, இந்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவரே ஆலோசனை கூறலாம். கம்ப்யூட்டர் தானாக மருந்து எழுதிக் கொடுக்க அனுமதியில்லை.

இதைவிட முக்கியமானது நோயாளியின் சம்மதம். சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ படிக்க வசதி தர வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். வெளிநாட்டில் இருந்தபடி இந்தியருக்குச் சேவை அளிப்போருக்கும் இது பொருந்தும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. ஆகவே, பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழருக்கும் இந்த உரிமை உண்டு.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் அளிக்கப்பட்டது. கடைசி நாள் வரை காத்திராமல் தமிழ் அறிவிப்பைத் தருவதே நாணயமான வாணிபம். பிழைக்க வந்த ஊரில் நோயுற்ற தொழிலாளி, படிக்கத் தெரியாத வாசகத்தின் கீழ் விரலை அழுத்துவது சம்மதமாகாது. அவர் தருவது வெறும் விவரமல்ல. வீட்டாரிடமும் சொல்லத் தயங்கும் அந்தரங்கம். மத்திய அரசு இதில் கண்டிப்புக் காட்ட வேண்டும். நம்மவரும் தமிழில் கேட்கத் தயங்கலாகாது.