பாட்டுக்கு நடுவே ஊளைச் சத்தம்!

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வரும் பழைய கார் ஒன்று. உள்ளே பக்திப் பாட்டு ஒலிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பாட்டுக்கு நடுவே "ஊ...ஊ..." என்று ஒரு சத்தம்!

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டியை ஆசையோடு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஊளை பழகிய தொல்லை.

உடனே என்ன செய்கிறார்கள்? "செட் போய்விட்டது" என்று புது செட் வாங்குகிறார்கள். அதிலும் அதே ஊளை! பணம் போனதுதான் மிச்சம்.

சத்தமே சொல்லும்

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. "டக், டக்" என்று கேட்டு, வேகம் கூடக் கூட அதுவும் விரைந்தால், பிளக்கில் விழும் பொறிதான் காரணம். வைப்பர் போடும்போது மட்டும் இரைந்தால் வைப்பர் மோட்டார்.

அடுத்து, ஏரியல் ஒயரைச் செட்டிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றால், அது ஏரியல் வழியாக வந்தது. நிற்காவிட்டால், கரண்ட் ஒயரையும் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியில் எர்த் பிடிக்கும் இடத்தில் துரு ஏறியிருக்கும், நட்டு தளர்ந்திருக்கும். சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகளில் ஊளை அடங்கிவிடும். செலவு? ஓர் உப்புத்தாள்!

பில்டர் போதுமா?

"ஒரு பில்டர் மாட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு கெட்டாலும் இதே ஊளை வரும். பில்டர் சத்தத்தை அடக்கலாம். கோளாறு அப்படியே இருக்கும். பாட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது. ஒருநாள் நடுவழியில் வண்டி நின்றுவிடும். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினால் வயிற்றுவலி தீருமா?

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அரை மணி நேரம் சோதித்து, எர்த்தை இறுக்கிக் கொடுத்தவரிடம், "என்ன சாமான் மாற்றினாய்?" என்று கேட்கிறார்கள். கூலி கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் அடுத்த தடவை அவரும் எதையாவது மாற்றிவிடுகிறார். நஷ்டம் யாருக்கு? வண்டிக்காரருக்குத்தான்!

கையின் வேலைக்குக் கூலி உண்டு. கண்டுபிடித்த மூளைக்கும் கூலி கொடுக்க வேண்டும். அதுவே முடிவில் சிக்கனம்.