சாப்பாட்டறைக்குச் சார்வோலை

சாப்பாட்டறையை அழகுபடுத்தப் பெரும்பணம் வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். எமது மேசை பழையது. சூடான சட்டிகளை வைத்து வைத்து வெள்ளை வட்டங்கள் விழுந்தது. சம்பந்தி வீட்டார் வருமுன் நல்ல விரிப்பொன்று வாங்கவேண்டுமென இல்லாள் நெருக்கினார். மாதக் கடைசியில் ஆசிரியன் கையில் என்ன இருக்கும்?

திண்ணையிலிருந்த அன்னையார், “சார்வோலை கிடக்க ஏன் தம்பி கடைக்கு ஓடுறாய்?” என்றார்.

அன்று மாலையே வேலை தொடங்கிற்று. வெயிலில் உலர்ந்த ஓலையின் ஈர்க்கை நீக்கிக் கால் அங்குல அகலமாக வார்ந்துகொள்ளல் வேண்டும். நிறம் வேண்டுமாயின் சாயத்தூள் கரைத்த கொதிநீரில் அவித்து, நிழலில் உலர்த்தலாம். இழைக்குமுன் சிறிது நீர் தெளித்தால் ஓலை முறியாது. குறுக்கும் நெடுக்குமாக இழைத்து, ஓரங்களை மடித்துச் செருகிவிட்டால், கோப்பையின்கீழ் வைக்கும் சிறுபாய் ஆயத்தம். நீளம் 15 அங்குலம், அகலம் 10 அங்குலம் போதும்.

முதற்பாயை முழுவதும் சிவப்போலையால் இழைத்தோம். சொதி சிந்தியதும் சாயம் கரைந்து மகனின் வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிற்று. நடுப்பகுதி வெள்ளோலையாகவும் ஓரம் மட்டும் நிறவோலையாகவும் இருப்பதே நன்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை யாவரும் அறிவர், அதனை விரிக்கவேண்டியதில்லை.

அன்னையாருக்குப் பார்வை மங்கிவிட்டது. விரலால் தடவியே இழைத்தார். ஆறு பாய்களில் ஐந்து அவருடையவை. ஆறாவதை எம் மகள் அவரருகிலிருந்து பழகி இழைத்தாள்; ஓரம் கோணல்தான். விருந்தினர் வந்த அன்று அன்னையார் அந்தப் பாயையே தம் முன்னால் வைக்கச் சொன்னார்.