தொடருந்துப் பணியாளர் வேலையின்மைக் காப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

தொடருந்துப் பணியாளர் வேலையின்மைக் காப்பீடு என்பது ஐக்கிய அமெரிக்காவின் தொடருந்துப் பணியாளர்களுக்கு வேலையிழப்பு, நோய் ஆகிய காலங்களில் உதவித்தொகை வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் ஆகும். சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட தொடருந்து ஓய்வூதிய வாரியம் இதனை நடத்துகின்றது. ஓய்வூதியத்தை வழங்குவதும் இவ்வாரியமே. எனினும், ஒரே நாட்களுக்கு இரண்டையும் முழுமையாகப் பெறச் சட்டம் இடமளிப்பதில்லை.

வரலாறு

இதற்கான சட்டம் 1938 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வேலையின்மை உதவித்தொகை 1939 சூலையிலும், 1946 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நோய்க்கால உதவித்தொகை 1947 சூலையிலும் தொடங்கின. இத்திட்டத்திற்கான நிதியை நிறுவனங்கள் மட்டுமே செலுத்துகின்றன. ஓய்வூதிய நிதிக்கோ பணியாளரும் வரி செலுத்துகின்றனர். தற்போதைய ஓய்வூதியச் சட்டம் 1974 ஆம் ஆண்டினது.

கணக்கிடும் முறை

உதவித்தொகை 14 நாட்கள் கொண்ட காலப்பகுதிகளாகக் கணக்கிடப்படுகின்றது. பொதுவாக ஒவ்வொரு பகுதியிலும் முதல் 4 நாட்களுக்குத் தொகை இல்லை. எஞ்சிய நாட்களுக்கு உண்டு. ஊதியம் பெற்ற நாள் இதில் சேராது. சூலை 1 இல் தொடங்கும் ஓர் ஆண்டில் வழமையான உச்ச வரம்பு 26 வாரங்கள் ஆகும்.

ஓய்வூதியத்தின் தாக்கம்

ஓய்வூதியம் பெறும் நாட்களுக்கு, அதில் ஒரு நாளுக்குரிய பங்கு உதவித்தொகையிலிருந்து கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, நோய்க்கால உதவி நாளொன்றுக்கு 80 டாலராகவும், ஓய்வூதியப் பங்கு 60 டாலராகவும் இருப்பின், 20 டாலர் மட்டுமே கிடைக்கும். பங்கு கூடுதலாயின் உதவித்தொகை கிடையாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

வேலையின்மை உதவி பெறுபவர் வேலைக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வயதின் அடிப்படையில் ஓய்வூதியம் பெறுபவரோ தொடருந்துப் பணிக்குத் திரும்பும் உரிமையைத் துறத்தல் வேண்டும். ஆகவே இவ்விரண்டும் ஒருவரிடம் ஒருங்கே அமைவது அரிது. தக்க காரணமின்றித் தாமாகப் பணி விலகுவோரும் வேலையின்மை உதவிக்குத் தகுதி இழப்பர்.

முன்தேதியிட்ட ஓய்வூதியம்

சிக்கல் பெரும்பாலும் இயலாமை ஓய்வூதியத்தில் எழுகின்றது. இயலாமை தொடங்கியபின் ஐந்து முழு மாதங்கள் காத்திருக்க வேண்டும். இக்காலத்தில் நோய்க்கால உதவி கைகொடுக்கின்றது. விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க மேலும் காலம் செல்லலாம். பின்னர் முன்தேதியிட்டு ஓய்வூதியம் வழங்கப்படின், அதே நாட்களுக்குப் பெற்ற உதவி மிகைத்தொகை எனக் கருதப்பட்டு நிலுவையிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும். எனவே கைக்கு வரும் நிலுவை எதிர்பார்த்ததை விடக் குறையலாம். இதற்கு அஞ்சி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதும் நன்றன்று. முன்தேதியிடுவதற்கு வரம்பு உண்டாகையால், தாமதிப்பவர் சில மாத ஓய்வூதியத்தை அடியோடு இழக்க நேரிடும்.

அண்மைய நிலை

2022 ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட அரசுத் தரப்புக் கணக்கின்படி, பெரிய தொடருந்து நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 45,000 பணியிடங்களை, அதாவது 29 விழுக்காட்டை நீக்கியிருந்தன. அவ்வாண்டு திசம்பரில் வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க இயற்றப்பட்ட சட்டத்தில் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு இடம்பெறவில்லை. 2023 இல் பல தொழிற்சங்கங்கள் நிறுவனங்களுடன் தனித்தனி உடன்பாடுகளின் மூலம் அதனைப் பெற்றன. முதல் 4 நாட்களுக்கு உதவித்தொகை இல்லாத திட்டத்தில், குறுகிய கால நோயுற்றோர்க்கு இவ்விடுப்பே பயன்தரும். நெடுநோயாளருக்கு உதவித்தொகையும் ஓய்வூதியமும் இணையும் விதிகளே முதன்மையானவை.