சேர்வராயன் மலைக்கு ஒரு படம் வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அடிவாரம் சேருமுன் ஒரு பழைய வளைவைக் கடக்கிறார்கள். டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பெயர்பெற்ற ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது அந்த நிறுவனத்திலிருந்துதான். அத்தனை பெரிய சினிமா ஊருக்கு மேலே நிற்கும் மலையில், காடு திருத்திக் குடியமர்ந்தவர்களின் கதையும் திரைக்கு வரவேண்டும்.

எப்படி எடுப்பது என்பதற்கு கெல்லி ரைகார்டின் ‘ஃபர்ஸ்ட் கௌ’ (2019) நல்ல பாடம். களம் 1820களின் ஓரிகன். அந்த வட்டாரத்துக்கு வந்த முதல் பசுவின் பாலை இரவில் திருட்டுத்தனமாகக் கறந்து, பலகாரம் சுட்டு விற்கிறார்கள் இரண்டு ஏழைகள். அடுப்பையும் மாவையும் நட்பையும் வைத்தே ஒரு காலத்தைக் கண்முன் நிறுத்திவிடுகிறது படம்.

அதே 1820களில்தான் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவரை ‘ஏற்காட்டின் தந்தை’ என்கிறார்கள். ஆனால் அவர் ஏறியபோது அது ஆளில்லாத மலையல்ல. மலையாளிப் பழங்குடிகள் அங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்தார்கள். பெயரைக் கேட்டு கேரளத்தார் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து போனதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். படத்தின் முதல் காட்சி அதிலேயே இருக்கிறது.

சாமை சுமார் மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும். காப்பி நட்டால் காய் பார்க்க மூன்று நான்கு வருடம். அத்தனை நாள் காத்திருக்க யாரிடம் காசு இருந்தது, யார் கூலிக்குப் போக வேண்டியிருந்தது? கதையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

தோட்டத்துக் கொடுமையை பாலாவின் ‘பரதேசி’ (2013) காட்டிவிட்டது. தோட்ட மருத்துவர் பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவல் அதற்கு அடிப்படை. குடியானவனின் மண்ணாசைக்கு லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இருக்கிறது. ஒரு துண்டு நிலத்துக்காக மலையேறி இறங்கிச் சுமை தூக்கிய ரங்கசாமி, கடைசியில் தன் கைவிட்டுப் போன நிலத்தில் காற்றாலைக் காவலாளியாக நிற்கிறான். பல வேடங்களில் அந்த வட்டாரத்து மக்களே நடித்த படம் அது. பெரிய நட்சத்திரமும் பெரிய செட்டும் இல்லாமல் மலைக்கதை நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எடுக்க நினைக்கும் இளைஞர்கள், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் மலையாளிப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். வசனத்தை அவர்கள் திருத்தட்டும். காக்பர்னுக்கு இரண்டு காட்சி போதும்.