மறுப்புக் கடிதம் முடிவல்ல

மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டும் சிறு விவசாயிகள் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்கும்போது, 'ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று கம்பெனி கையை விரித்தால், அதையே தீர்ப்பாக எண்ணிக் கறவை மாட்டை விற்றுக் கடனை அடைக்கிறார்கள். இது தேவையற்ற நஷ்டம்.

பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024-ஆம் ஆண்டு விதிப்படி, பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் நடந்திருந்தால், மோசடி நிரூபணமானாலொழிய, நோயை மறைத்ததாகச் சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது. ஆகவே தவணை தவறக் கூடாது. பிரீமிய ரசீதுகளைப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ஓராண்டுக்குள் 'ஆம்புட்ஸ்மேன்' எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையமும் உண்டு.

தகராறின் வேர் பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. ஏஜெண்ட் நிரப்புகிறார்; விவசாயி கையெழுத்து மட்டும் போடுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எழுதச் சொல்லி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

கம்பெனிகள் நிபந்தனைகளைத் தமிழில் தெளிவாக அச்சிட்டுத் தர வேண்டும். உரக்கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், உறுப்பினர்களுக்கு இந்த மனுவையும் எழுதிக் கொடுத்தால் பல குடும்பங்களின் மாடும் நிலமும் தப்பும்.