உள்சுவருக்கு எதற்குச் செங்கல்?

சென்னையிலும் கோவையிலும் இன்று எழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் பாரம் தாங்குவது தூணும் பீமும் தளமும்தான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே நிற்கிற சுவர் எதையும் தாங்குவதில்லை. மறைப்பாக நிற்பது மட்டுமே அதன் வேலை. தன் எடையையும் சேர்த்துத் தளத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது. பத்தடிக்குப் பத்தடி அளவில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி இருபுறமும் பூசினால் சுமார் இரண்டரை டன் வரும். அதே இடத்தில் தகட்டுச் சட்டங்களை நிறுத்தி இருபக்கமும் ஜிப்சம் பலகை அடித்தால் கால் டன்னோடு முடியும். பலகையை இரட்டையாக அடித்தாலும் அரை டன்னைத் தொடாது. தூண்களில் நிற்கும் வீடுகளில், குளியலறை நீங்கலாக, உள்சுவர்களைச் சட்டச் சுவர்களாகவே கட்ட வேண்டும் என்பது என் கட்சி. அலுவலகங்களுக்கு ஒத்துவந்த இந்தச் சுவர் வீட்டுக்கு ஒத்துவராது என்ற நம்பிக்கைக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் பெரிதாக இல்லை.

மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணியடித்து வீடு கட்டும் முறை 1830-களில் சிகாகோ வட்டாரத்தில் பரவியது. இன்றும் அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் இருப்பது அதன் வழிவந்த கூடுதான்: தரையில் ஒரு கிடைச்சட்டம், மேலே ஒன்று, நடுவில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் சட்டங்கள். பலகையின் அகலம் 48 அங்குலம் என்பதால், இந்த இடைவெளியில் நிறுத்தினால் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் ஏதாவது ஒரு சட்டத்தின் நடுமுதுகில் வந்து உட்காரும். முன்பெல்லாம் சட்டங்களின் மேல் மரப்பட்டிகளை அடித்துச் சாந்து பூசினார்கள். காகிதமும் ஜிப்சமும் அடுக்கிய பலகைக்கு அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காப்புரிமை பெற்ற பிறகு அந்தப் பூச்சு வேலையும் மெல்ல ஒழிந்தது. அங்கே ஊசியிலை மரம் மலிவு. நம் ஊரில் மரம் விலை அதிகம், கரையான் இலவசம். எனவே நமக்கு ஏற்றது துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டம்தான். தரையிலும் கூரைத்தளத்திலும் ஒவ்வொரு சேனலைப் பொருத்தி, அவற்றுக்கிடையே இந்தச் சட்டங்களை நிறுத்துகிறார்கள். சட்டத்தை அறையின் முழு உயரத்துக்கு வெட்டாமல் சில மில்லிமீட்டர் குறைத்தே வெட்டுவார்கள். மேல்தளம் காலப்போக்கில் சற்றுத் தொய்ந்தால் அந்தப் பாரம் சுவர்மேல் இறங்கக் கூடாதே.

எடை குறைவதால் ஆவது என்ன? பூகம்பம் கட்டடத்தை ஆட்டும் விசை அதன் எடையைப் பொறுத்தது. 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் புஜ் பூகம்பத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்த வெறும் தூண்களாக விட்டு, மேலே எல்லாத் தளங்களிலும் செங்கல் சுவர்களை நிரப்பியவை. சென்னையில் எந்தத் தெருவிலும் பார்க்கிற அதே அமைப்பு. செங்கல் சுவர் தூண்களுக்கு முட்டுக்கொடுத்து உதவவும் செய்யும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த உதவி கணக்கில் எழுதப்பட்டிருந்தால்தான் அது பலம். வடிவமைப்பில் வெறும் சுமையாக மட்டும் கணக்கிட்டுவிட்டு, ஆபத்து வரும்போது அது முட்டுக்கொடுக்கும் என்று நம்புவது சூதாட்டம்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் செங்கல் சுவரின் வீண்செலவு கண்ணுக்கே தெரியும். கொத்தனார் சுவர் எழுப்புகிறார், நாள்கணக்கில் தண்ணீர் விட்டு ஆற்றுகிறார்கள். பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து அதே சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்கிறார். நாலரை அங்குலத்தில் ஒன்றேகால் அங்குலம் போய்விடுகிறது. திரும்பக் கொத்தனார் வந்து காடியை அடைக்கிறார், சித்தாள் இடிபாட்டை மாடிப்படி வழியாகச் சுமக்கிறார். இத்தனைக்கும் மூலப்பொருள் மண். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் 2021-இல் செங்கல் சூளைகளை மூட நேர்ந்தது எந்த அளவுக்குத் தோண்டியதால் என்பது ஊரறிந்தது. சட்டச் சுவரில் ஒயர் போவதற்கான துளை தகட்டிலேயே இருக்கும். ஒரு பக்கம் பலகை அடித்துவிட்டு, ஒயரை இழுத்துச் சோதித்து, பிறகு மறுபக்கத்தை மூடலாம்.

“தட்டினால் டொக் டொக் என்கிறதே, இது ஒரு சுவரா?” என்பதுதான் எல்லோரும் எழுப்பும் ஆட்சேபம். தட்டும்போது வரும் ஓசைக்கும் அடுத்த அறைப் பேச்சு கேட்பதற்கும் அவ்வளவு தொடர்பில்லை. இருபுறமும் ஒற்றைப் பலகை அடித்து உள்ளே வெறும் காற்றை விட்ட சுவர் செங்கலிடம் தோற்கும், மறுப்பதற்கில்லை. பலகையை இரட்டையாக்கி, நடுவில் ராக்வூல் எனும் கல்பஞ்சு வைத்தால் நாலரை அங்குலச் செங்கலுக்குச் சமமாகவோ மேலாகவோ ஒலியைத் தடுக்கும். இங்கே மெல்லிய தகடு மரத்தையே முந்துகிறது: மரச்சட்டம் ஒரு பக்க அதிர்வை மறுபக்கத்துக்கு அப்படியே கடத்தும், தகடு சற்று வளைந்து அதைக் குறைத்துவிடும். ஆனால் தரையோரம் விரலளவு இடுக்கை அடைக்காமல் விட்டால் அத்தனை செலவும் வீண். நம் ஊர்த் தடுப்புச் சுவர்களுக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பாதி இந்த இடுக்கு வழியாக வந்ததுதான். மீதி, ஸ்க்ரூவை ஆழமாக முறுக்கிப் பலகையின் காகிதத்தைக் கிழித்ததால் வந்தது. காகிதம் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடித்திருக்காது.

தீயைப் பற்றிய பயம் தேவையில்லை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே பிணைந்த நீர். அது ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபக்கம் ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் தண்ணீர்ப் பயம் நியாயமானது. பலகையைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி அடிப்பது, வீடு கழுவும் நீரைக் காகிதம் உறிஞ்சாமலிருக்கத்தான். குளியலறைக்கு அதுவும் போதாது. அங்கே கல்லோ சிமென்ட் பிளாக்கோ இருக்கட்டும். பரண், டிவி, அலமாரி எங்கே மாட்டுவது என்பதும் சரியான கேள்வி. மாட்டப்போகும் இடத்தில் சட்டங்களுக்கிடையே கனத்த பிளைவுட் வைத்து மூடினால் பாரம் தாங்கும். அதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்க வேண்டும், நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. இந்த ஒழுங்குக்கு நம் குடும்பங்கள் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கொத்தனார்களின் பிழைப்பு போய்விடாதா? வெளிச்சுவரும் ஈரச்சுவரும் அவர்கள் கையில்தான் இருக்கப்போகின்றன. ஜிப்சத்தில் ஃபால்ஸ் சீலிங் போடும் குழுக்கள் இப்போதே ஊருக்கு ஊர் இருக்கின்றன. சுவருக்கும் கருவி அதேதான். எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆபத்து வேறு: பில்டர்கள் எடையிலும் காலத்திலும் மிச்சம்பிடித்துவிட்டு, ஒற்றைப் பலகைச் சுவரைச் செங்கல் விலைக்கே விற்பது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் உள்சுவர் நிற்கும் இடத்தையும் கார்ப்பெட் பரப்பில் சேர்க்கிறது, அதாவது சுவருக்கு அடியில் உள்ள தரைக்கும் வாங்குபவர்தான் பணம் கட்டுகிறார். ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் “உள்சுவர்கள் தரமான முறையில்” என்று ஒற்றை வரியில் நழுவ விடக் கூடாது. தகட்டுச் சட்டம் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்கு எத்தனை பலகை, நடுவில் ராக்வூல் உண்டா, பிளைவுட் எந்தெந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் என்பதை எழுதி வாங்க வேண்டும். பலகை மூடுவதற்கு முன் உள்ளே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும்.